துறைவாரியாகத் தொழிலாளர் உற்பத்தித்திறனை நாமே கணக்கிடுவது எப்படி? இந்தியாவுக்கான முழுமையான வழிகாட்டி

"நாட்டில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். ஆனால் அங்கிருந்து வரும் உற்பத்தி ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை." தொலைக்காட்சி விவாதத்திலும் போட்டித் தேர்வு வகுப்பிலும் இதை நாம் அடிக்கடி கேட்கிறோம். வாக்கியம் சரிதான். அதன் பின்னாலேயே வரும் இன்னொரு வாக்கியத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை: "நம் ஆட்கள் ஒழுங்காக உழைப்பதில்லை." முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு இரண்டாவதைச் சொல்லவே முடியாது. ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்த எண்ணை ஒருமுறையாவது நம் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், வகுத்தல், சதவீதம் தெரிந்தால் போதும். ஒரு எக்செல் தாளும் ஓய்வான ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் முடித்துவிடலாம். தேவையான தரவு எல்லாம் மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்திலும் ரிசர்வ் வங்கியின் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது.

படி 1: எதை எதால் வகுக்கிறோம்?

தொழிலாளர் உற்பத்தித்திறன் என்பது ஒரு பின்னம். தொகுதியில், அதாவது பின்னத்தின் மேலே, ஒரு துறை ஓராண்டில் உருவாக்கிய மதிப்பு இருக்கும். பகுதியில், அதாவது கீழே, அந்தத் துறையில் வேலை செய்தவர்களின் எண்ணிக்கை இருக்கும், அல்லது அவர்கள் வேலை செய்த மணி நேரம் இருக்கும். அவ்வளவுதான்.

டெல்டாவில் நடவு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திருப்பூருக்குப் போய் ஒரு பின்னலாடை ஆலையில் தையல் இயந்திரத்தின் முன் உட்காருகிறார் என்று வையுங்கள். அடுத்த மாதமே அவருடைய 'உற்பத்தித்திறன்' கூடிவிடும். ஆள் அதே ஆள், அவருடைய கையும் உழைப்பும் அதேதான். மாறியது அவருக்குப் பின்னால் இருக்கும் முதலீடு, மின்சாரம், சந்தை, விற்கும் பொருளின் விலை. இந்த எண் ஒரு மனிதரை அளப்பதில்லை. அவர் எந்த இடத்தில் நின்று வேலை செய்கிறார் என்பதைத்தான் அளக்கிறது. மீதிப் படிகள் முழுக்க இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: தொகுதியை எடுப்பது

மதிப்பு என்றால் விற்ற தொகை அல்ல. ஒரு பனியனை 100 ரூபாய்க்கு விற்கும் நிறுவனம் அதில் 60 ரூபாயை நூலுக்கும் சாயத்துக்கும் மின்சாரத்துக்கும் கொடுத்திருந்தால், அது உருவாக்கிய மதிப்பு 40 ரூபாய்தான். இப்படி எல்லா நிறுவனங்களும் எல்லா வயல்களும் கூட்டிய மதிப்பைச் சேர்த்தால் வருவது மொத்த மதிப்புக் கூட்டல், அதாவது ஜி.வி.ஏ. தேசியப் புள்ளியியல் அலுவலகம் இதைத் துறைவாரியாக வெளியிடுகிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியான ஜி.டி.பி.யில் பொருள் வரியும் மானியமும் கலந்துவிடும், அவற்றைத் துறைகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. அதனால் துறைவாரிக் கணக்குக்கு ஜி.வி.ஏ.தான் சரி.

அந்த அட்டவணை இரண்டு விதமாகக் கிடைக்கும்: அந்தந்த ஆண்டின் விலையில், அதாவது நடப்பு விலையில் ஒன்று; ஒரு அடிப்படை ஆண்டின் விலையை மாறாமல் வைத்து, அதாவது நிலையான விலையில் ஒன்று. ஒரே ஆண்டில் இரண்டு துறைகளை ஒப்பிடுவதற்கு நடப்பு விலை. ஒரே துறையைப் பல ஆண்டுகளுக்கு ஒப்பிடுவதற்கு நிலையான விலை. இதை மாற்றி எடுத்தால் வெங்காய விலை ஏறிய ஆண்டில் விவசாயியின் திறன் பாய்ச்சலாக உயர்ந்ததுபோலத் தெரியும்.

அப்புறம் அடிப்படை ஆண்டு. 2004-05ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய வரிசையை விட்டு, 2011-12ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசைக்கு 2015 ஜனவரியில் மாறினார்கள். தரவின் மூலங்களும் முறையும் சேர்ந்தே மாறின. பழைய வரிசையின் கடைசி எண்ணையும் புதிய வரிசையின் முதல் எண்ணையும் பக்கத்தில் வைத்து வளர்ச்சி விகிதம் போடாதீர்கள். நான் முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது அதைத்தான் செய்தேன். ஒரு துறை ஒரே ஆண்டில் எகிறிக் குதித்ததாக வந்தது, காரணம் தேடி இரண்டு நாள் வீணானது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஆலை உற்பத்தியின் மதிப்பை நிலையான விலைக்கு மாற்றும்போது, 2011-12 வரிசையில் பெரும்பாலும் உற்பத்திப் பொருளின் விலைக் குறியீட்டை மட்டுமே பயன்படுத்தினார்கள். மூலப்பொருளின் விலை மாற்றம் தனியாகக் கழிக்கப்படவில்லை. 2014 நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. மூலப்பொருள் இப்படி மலிந்த காலத்தில், ஆலைகள் உண்மையில் கூட்டியதைவிட அதிக மதிப்பைக் கூட்டியதாகக் கணக்கு காட்டக்கூடும். அந்த ஆண்டுகளின் ஆலை உற்பத்தித்திறனைப் பார்க்கும்போது இதையும் மனதில் வையுங்கள்.

படி 3: பகுதியை எடுப்பது

முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். தொகுதியைப் பற்றி எல்லோரும் சண்டை போடுகிறார்கள், பகுதியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

2011-12 வரை வேலைவாய்ப்பு பற்றிய பெரிய மாதிரி ஆய்வு ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்தது. 2017 ஏப்ரலில் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு, அதாவது பி.எல்.எஃப்.எஸ்., தொடங்கியது. அதன் ஆண்டு அறிக்கைகள் 2023-24 வரை ஜூலை முதல் ஜூன் வரையிலான காலத்துக்கானவை. ஜி.வி.ஏ.வோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. இந்த மூன்று மாத இடைவெளி சாதாரண ஆண்டில் பெரிதில்லை. கொரோனா ஊரடங்கு வந்த 2019-20இல் மிகப் பெரிது: பி.எல்.எஃப்.எஸ். ஆண்டுக்குள் ஊரடங்கின் மூன்று மாதம் இருக்கிறது, ஜி.வி.ஏ. ஆண்டுக்குள் ஒரு வாரம்தான் இருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து ஆய்வு முறையே மாற்றி அமைக்கப்பட்டிருப்பதால் அதற்குப் பிந்தைய எண்களைத் தனி நெடுவரிசையில் வையுங்கள்.

சரி, 'வேலை செய்பவர்' என்று யாரை எண்ணுகிறார்கள்? அறிக்கைகளில் வழக்கமாக மேற்கோள் காட்டப்படுவது 'வழக்கமான நிலை'. கடந்த 365 நாளில் பெரும்பகுதி வேலையில் இருந்தவர்கள் இதில் வருவார்கள். துணை வேலையாகக் குறைந்தது 30 நாள் ஏதாவது ஒரு வேலை செய்தவர்களும் வருவார்கள். ஆண்டு முழுக்க ஷிப்ட் பார்க்கும் ஆலைத் தொழிலாளியும், அறுவடைக் காலத்தில் முப்பது நாற்பது நாள் சொந்த வயலில் நின்ற பெண்ணும் இந்தக் கணக்கில் ஆளுக்கு ஒன்று. இருவரும் ஒன்றே.

இனி இந்த எண்களைப் பாருங்கள். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் தொழிலாளர் சந்தையில் இருப்பவர்கள் 2017-18இல் 23.3%. 2023-24இல் 41.7%. ஆறு ஆண்டில் இது மிகப் பெரிய மாற்றம். இவர்களில் பெரும்பாலோர் எங்கே போனார்கள்? வேலை செய்யும் பெண்களில் விவசாயத்தில் இருப்பவர்கள் 57 சதவீதத்திலிருந்து 64.4 சதவீதமாகக் கூடினார்கள். குடும்பத் தொழிலில் ஊதியமில்லாமல் உதவி செய்பவர்கள் மொத்தத் தொழிலாளர்களில் 13.6 சதவீதத்திலிருந்து 19.4 சதவீதமாக உயர்ந்தார்கள்.

காலையில் மாட்டுக்குத் தீவனம் போட்டு, பால் கறந்து, களை எடுத்துவிட்டுச் சமையலுக்குத் திரும்பும் பெண்ணை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அவரை முன்பெல்லாம் 'வீட்டு வேலை' என்று எழுதிவிட்டுப் போனார்கள். இப்போது தொழிலாளி என்று எழுதுகிறார்கள் என்றால் அது நல்ல மாற்றம். ஆனால் அவர் கறந்த பாலின் மதிப்பு முன்பே ஜி.வி.ஏ.வுக்குள் இருந்தது. தொகுதி அப்படியே இருக்கப் பகுதியில் ஒருவர் கூடினால் பின்னம் சிறுக்கும். இந்தக் கூடுதலில் எவ்வளவு புதிதாக வேலைக்கு வந்தது, எவ்வளவு முன்பே செய்த வேலை இப்போது எண்ணப்பட்டது என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் ஓய்ந்தபாடில்லை.

இன்னொரு சிக்கல்: பி.எல்.எஃப்.எஸ். நம்பிக்கையாகத் தருவது விகிதங்களைத்தான். தலை எண்ணிக்கையை அல்ல. தலை எண்ணிக்கைக்கு மக்கள்தொகை வேண்டும், கடைசியாக எடுத்த மக்கள்தொகைக் கணக்கு 2011உடையது. அதனால் ரிசர்வ் வங்கி வெளியிடும் க்ளெம்ஸ் தரவுத்தளத்தைப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். 1980-81 முதல் 27 தொழில் பிரிவுகளுக்கு உற்பத்தி, உழைப்பு, மூலதனம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தருவது அதன் பலம். அதன் தற்காலிக மதிப்பீட்டின்படி 2023-24இல் வேலையில் இருந்தவர்கள் 64.33 கோடி, முந்தைய ஆண்டில் 59.67 கோடி. ஒரே ஆண்டில் சுமார் 4.7 கோடி கூடியிருக்கிறது. இதை வேலைவாய்ப்புப் பெருக்கம் என்று கொண்டாடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே ஆண்டில் ஜி.வி.ஏ. அந்த வேகத்தில் வளர்ந்ததா என்றும் கேட்க வேண்டும். ஆட்கள் 7.8% கூடினால், உற்பத்தியும் அவ்வளவு கூடினால்தான் ஆளுக்கு உற்பத்தி அதே நிலையில் நிற்கும்.

படி 4: முதல் கணக்கு

இப்போது எக்செல் தாளைத் திறக்கலாம். 2023-24க்கு 2024 மே மாதம் வெளியான தற்காலிக மதிப்பீட்டின்படி, நடப்பு விலையில் ஜி.வி.ஏ. 267.62 லட்சம் கோடி ரூபாய். இதில் விவசாயமும் அதைச் சார்ந்தவையும் 17.7%, தொழில்துறை 27.6%, சேவைத்துறை 54.7%. பி.எல்.எஃப்.எஸ். படி வேலை செய்பவர்களில் விவசாயத்தில் இருப்பவர்கள் 46.1%.

முதலில் மொத்தம்: 267.62 லட்சம் கோடியை 64.33 கோடியால் வகுத்தால் ஆளுக்குச் சுமார் 4.16 லட்சம் ரூபாய்.

விவசாயம்: 267.62இல் 17.7% என்பது 47.4 லட்சம் கோடி. 64.33 கோடியில் 46.1% என்பது 29.7 கோடிப் பேர். வகுத்தால் ஆளுக்குச் சுமார் 1.6 லட்சம்.

விவசாயம் அல்லாதவை: 220.2 லட்சம் கோடியை 34.7 கோடியால் வகுத்தால் சுமார் 6.35 லட்சம். ஏறக்குறைய நான்கு மடங்கு.

வேலையாட்களின் எண்ணிக்கை ஓரிடத்திலிருந்தும் பங்குகள் வேறோரிடத்திலிருந்தும் வந்திருக்கின்றன என்பதைத் தாளின் ஓரத்தில் குறித்துவையுங்கள். எண்ணிக்கை பற்றிச் சந்தேகம் இருந்தால் அதை முழுக்கத் தவிர்க்கவும் வழி உண்டு. உற்பத்திப் பங்கை வேலைவாய்ப்புப் பங்கால் நேரடியாக வகுத்துவிடுங்கள். 17.7ஐ 46.1ஆல் வகுத்தால் 0.38. நாட்டின் சராசரியை 1 என்று வைத்தால் விவசாயம் 0.38இல் நிற்கிறது என்று பொருள். கட்டுமானத்துக்கும் இதே கணக்கைப் போடலாம்: வேலைவாய்ப்பில் 12%, உற்பத்தியில் சுமார் 8 முதல் 9%. சராசரிக்கும் கீழே. ஆலை உற்பத்தி வேலைவாய்ப்பில் 11.4%, ஜி.வி.ஏ.வில் சுமார் 14%. சராசரிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். கிராமத்தை விட்டு வந்தவர்களில் ஏராளமானோர் சேர்ந்த இடம் கட்டுமானம் என்பதைக் கவனியுங்கள். வயலிலிருந்து ஏறிய படி உயரமான படி அல்ல.

1.6 லட்சம் என்பது விவசாயியின் வருமானம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அதற்குள் நிலத்தின் வாடகை, வட்டி, கருவிகளின் தேய்மானம் எல்லாம் அடங்கியிருக்கிறது. கூலியாளின் கைக்கு வருவது அதில் ஒரு பகுதி மட்டும்.

படி 5: போக்கைப் பார்ப்பது

ஓராண்டு எண் ஒரு புகைப்படம். போக்கைப் பார்க்கப் பல ஆண்டு வேண்டும், தொடக்க ஆண்டையும் முடிவு ஆண்டையும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2014, 2015 இரண்டு ஆண்டும் பருவமழை பொய்த்தது. 2014-15இல் விவசாய ஜி.வி.ஏ. 0.2% குறைந்தது, அடுத்த ஆண்டு 0.6% மட்டுமே வளர்ந்தது, மழை திரும்பிய 2016-17இல் 6.8%. 2015-16ஐத் தொடக்கமாக வைத்தால் யாருடைய ஆட்சியையும் புகழ்ந்துவிடலாம். 2013-14ஐ வைத்தால் அதே கணக்கு சோர்ந்துபோகும். விவசாயத்துக்கு மூன்றாண்டுச் சராசரி எடுப்பதே நியாயம்.

விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு 2011-12இல் 48.9%, 2017-18இல் 44.1%, 2018-19இல் 42.5%. இதுவரை எல்லா நாட்டுப் பொருளாதார வரலாறும் சொல்லும் திசை. 2019-20இல் 45.6%, 2020-21இல் 46.5%. ஊரடங்கில் நகரங்கள் கைவிட்டவர்களை ஊரும் வயலும் ஏற்றுக்கொண்ட கதை இந்த இரண்டு எண்ணுக்குள் இருக்கிறது. வருத்தம் என்னவென்றால், தொற்று போய் நகரங்கள் திறந்த பிறகும் அந்தப் பங்கு இறங்கவில்லை. 2021-22இல் 45.5, 2022-23இல் 45.8, 2023-24இல் 46.1.

இப்போது தலை எண்ணிக்கை வேண்டாத ஒரு சோதனை. 15 வயதுக்கு மேற்பட்ட 100 பேரில் வேலையில் இருப்பவர்கள் 2017-18இல் 46.8 பேர், 2023-24இல் 58.2 பேர். இவற்றை அந்தந்த ஆண்டின் விவசாயப் பங்கால் பெருக்குங்கள். 100 பேரில் விவசாயத்தில் இருந்தவர்கள் சுமார் 21, பிறகு சுமார் 27. மக்கள்தொகை வளர்ச்சியைச் சேர்க்காமலே கிட்டத்தட்ட 30% கூடுதல். இதே காலத்தில் விவசாய ஜி.வி.ஏ. நிலையான விலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4% வளர்ந்தது, அதாவது ஆறு ஆண்டில் கால் பங்குபோல. எனவே தலைக்கு விவசாய உற்பத்தி குறைந்திருக்கிறது. விளைச்சல் குறையவில்லை, உழைப்பும் குறையவில்லை. அதே நிலத்தின் மேல் நிற்பவர்கள், அல்லது நிற்பதாக எண்ணப்படுபவர்கள், கூடிவிட்டார்கள்.

இதே சோதனையை முழுப் பொருளாதாரத்துக்கும் செய்யலாம். நிலையான விலையில் ஜி.டி.பி. 2017-18இல் 131 லட்சம் கோடி, 2023-24இல் 174 லட்சம் கோடி, கூடியது சுமார் 32%. வேலை விகிதம் 46.8லிருந்து 58.2 ஆனது மட்டும் 24%. அதன் மேல் ஆறு ஆண்டு மக்கள்தொகை வளர்ச்சியைச் சேர்த்தால் ஆளுக்கு உற்பத்தி ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. கொரோனா இடையில் வந்தது என்பது உண்மை. ஆனாலும் 'வேகமாக வளரும் பெரிய பொருளாதாரம்' என்ற பெயரோடு இந்த எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

படி 6: உயர்வை இரண்டாகப் பிரிப்பது

நாட்டின் சராசரி உற்பத்தித்திறன் இரண்டு வழியில் உயரலாம். ஒவ்வொரு துறைக்குள்ளும் ஆளுக்கு உற்பத்தி கூடலாம், அது உள் விளைவு. குறைந்த துறையிலிருந்து அதிகமான துறைக்கு ஆட்கள் நகரலாம், அது நகர்வு விளைவு. ஒரு கற்பனை நாட்டை வைத்துப் பழகிக்கொண்டால் பிறகு எந்த நாட்டுக்கும் போடலாம்.

நூறு பேர். வயலில் 50 பேர், ஆளுக்கு 1 லட்சம். ஆலையில் 20 பேர், ஆளுக்கு 3 லட்சம். சேவையில் 30 பேர், ஆளுக்கு 4 லட்சம். மொத்தம் 230 லட்சம், சராசரி 2.3.

பத்தாண்டு கழித்து வயலில் 40 பேர், ஆளுக்கு 1.2 லட்சம். ஆலையில் 22 பேர், 3.5 லட்சம். சேவையில் 38 பேர், 4.5 லட்சம். மொத்தம் 296, சராசரி 2.96. உயர்வு 0.66.

உள் விளைவுக்கு, ஒவ்வொரு துறையின் உயர்வையும் அதன் பழைய பங்கால் பெருக்குங்கள்: 0.5 × 0.2 = 0.10, 0.2 × 0.5 = 0.10, 0.3 × 0.5 = 0.15. கூட்டினால் 0.35. நகர்வு விளைவுக்கு, பங்கில் ஏற்பட்ட மாற்றத்தைப் புதிய உற்பத்தித்திறனால் பெருக்குங்கள்: வயல் −0.10 × 1.2 = −0.12, ஆலை 0.02 × 3.5 = 0.07, சேவை 0.08 × 4.5 = 0.36. கூட்டினால் 0.31. இரண்டையும் சேர்த்தால் 0.66. விடை ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ பங்குகள் நூறு சதவீதத்துக்கு வரவில்லை என்று அர்த்தம், முதலில் அதைச் சரிபாருங்கள்.

இந்தியாவின் பி.எல்.எஃப்.எஸ். பங்குகளை 2018-19க்கும் 2023-24க்கும் இடையே இதில் போட்டால் விவசாயத்தின் பங்கு மாற்றம் கூட்டல் குறியோடு வரும். மிகக் குறைந்த உற்பத்தித்திறன் உள்ள துறையின் பங்கு பெருகுகிறது, அதனால் மற்ற துறைகளின் பங்கு சுருங்கி நகர்வு விளைவு கீழ்நோக்கி இழுக்கும். ஒரு நாட்டின் வளர்ச்சியில் நடக்கக் கூடாத திசை இது.

படி 7: துறைக்குள்ளே இறங்குவது

'சேவைத்துறை உற்பத்தித்திறன்' என்ற ஒற்றை எண்ணை நான் நம்புவதில்லை. அதற்குள் சோழிங்கநல்லூர் மென்பொருள் பொறியாளரும் இருக்கிறார், அவர் அலுவலக வாசலில் இளநீர் வெட்டிக் கொடுப்பவரும் இருக்கிறார்.

சில துறைகளில் எண்ணே வேறு பொருள் தரும். மனை வணிகத்தை எடுங்கள். சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள் தமக்குத் தாமே வாடகை கொடுத்ததுபோல ஒரு மதிப்பு கணக்கிடப்பட்டு ஜி.வி.ஏ.வில் சேர்கிறது. அந்த மதிப்புக்கு வேலை செய்தவர் என்று யாரும் இல்லை. தொகுதி பெரிது, பகுதி சிறிது, உற்பத்தித்திறன் வானத்தில் நிற்கும். அரசு நிர்வாகத்தில் நேர்மாறு: அரசு தன் சேவையை விற்பதில்லை, அதனால் மதிப்பு பெரும்பாலும் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஊதியக் குழு சம்பளத்தை உயர்த்தினால் 'உற்பத்தித்திறன்' உயரும். சுரங்கமும் மின்சாரமும் மூலதனம் கொட்டிக் கிடக்கும் துறைகள், சில ஆட்களுக்குப் பெரிய எண் வரும். இவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியை ஒப்பிடுவது நல்லது.

அடுத்து, பெரியது சிறியது என்ற பிளவு. இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் வையுங்கள். ஒன்று, தொழிற்சாலைகளின் ஆண்டு ஆய்வு. மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரமின்றி 20 பேர் என்ற வரம்புக்கு மேலே பதிவான ஆலைகள் 2023-24 ஆய்வில் வந்தன. 2023-24இல் இங்கே ஆளுக்கு ஜி.வி.ஏ. 12 லட்சத்துக்கு மேல். மற்றது, நிறுவனச் சட்டத்தில் பதியாத சிறு தொழில்களின் ஆண்டு ஆய்வு. கட்டுமானம் தவிர்த்த சிறு உற்பத்தி, கடை, சிறு சேவை என 7.34 கோடி அமைப்புகள், 12 கோடிக்கு மேற்பட்ட ஆட்கள். 2023-24இல் இங்கே ஆளுக்கு ஜி.வி.ஏ. 1,49,742 ரூபாய்.

படி 4இல் விவசாயத்துக்கு வந்த எண் ஞாபகம் இருக்கிறதா? சுமார் 1.6 லட்சம். இரண்டு ஆய்விலும் ஆட்களை எண்ணும் விதம் வேறு வேறு, ஆகவே இவற்றைக் காசு சுத்தமாக ஒப்பிட முடியாது. ஆனாலும் அளவைப் பாருங்கள். வயலை விட்டு வெளியேறி ஒரு டீக்கடையோ தையல் கடையோ வைத்த மனிதர், சராசரியாகப் பார்த்தால், உற்பத்தித்திறனில் எங்கும் ஏறவில்லை. நான்கு மடங்கு இடைவெளி வயலுக்கும் நகரத்துக்கும் நடுவில் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையான இடைவெளி எட்டு மடங்குக்கும் மேல், அது ஆலைக் கதவுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கிறது. விவசாயத்திலிருந்து ஆட்கள் நகராமல் இருப்பதற்கு அறியாமையைக் காரணம் சொல்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். போய்ச் சேர இடம் இருந்தால் மக்கள் போயிருப்பார்கள்.

மாநில ஒப்பீட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. அதே தொழிற்சாலை ஆய்வில், நாட்டின் ஆலைத் தொழிலாளர்களில் சுமார் 15% தமிழ்நாட்டில் இருக்கிறார்கள், இதில் நாம்தான் முதலிடம். ஆலை ஜி.வி.ஏ.வில் நம் பங்கு சுமார் 10%. குஜராத்துக்கு ஆட்களில் 13%, மதிப்பில் 14%. வகுத்துப் பார்த்தால் தமிழ்நாடு 0.67, குஜராத் 1.08. குஜராத்தின் தொழிலாளி நம்மவரைவிடத் திறமைசாலி என்று இதைப் படித்தால் அது பெரிய பிழை. ஜாம்நகரின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் கடலோர ரசாயன ஆலைகளுக்கும் கோடிகோடியாய் இயந்திரம் வேண்டும், ஆட்கள் குறைவாகப் போதும். திருப்பூரின் பின்னலாடைக்கும், ஆம்பூர், ராணிப்பேட்டையின் தோல் பொருளுக்கும், சிவகாசியின் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஆட்கள் வேண்டும். ஒரு பெரிய சுத்திகரிப்பு ஆலையைக் கொண்டுவந்தால் நம் எண் உயரும். ஆயிரம் பெண்களை வேலைக்கு எடுக்கும் காலணி ஆலையைக் கொண்டுவந்தால் எண் குறையக்கூடும். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நான் தயங்காமல் காலணி ஆலையைத்தான் கேட்பேன், வயலில் 1.6 லட்சத்தில் நிற்கும் பெண்ணுக்கு அது உண்மையான ஏற்றம் என்பதால். மாநிலத்தின் ஆலைச் சராசரி இறங்கும்போதே ஒட்டுமொத்த நாட்டின் சராசரி ஏறும், படி 6இன் கணக்கு இதைத்தான் காட்டுகிறது.

படி 8: தலைக்குப் பதில் மணி

ஆட்களை எண்ணுவதில் இவ்வளவு சிக்கல் இருப்பதால், முடிந்த இடத்தில் மணிக்கு உற்பத்தியைப் பாருங்கள். பி.எல்.எஃப்.எஸ். வாராந்திர வேலை நேரத்தையும் கேட்டுப் பதிகிறது. துறைவாரி சராசரி மணியைத் தொழிலாளர் எண்ணிக்கையால் பெருக்கிப் பகுதியில் போடலாம். வயலில் சில மணி நேரம் மட்டும் நின்றவர்கள் இப்போது முழு ஆளாக எண்ணப்பட மாட்டார்கள் என்பதால் துறைகளுக்கிடையிலான இடைவெளி குறையும்.

வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் கிளம்பிய விவாதத்தை இதோடு வைத்துப் பாருங்கள். நேரத்தைக் கூட்டினால் ஆளுக்கு உற்பத்தி கூடலாம், மணிக்கு உற்பத்தி அதனால் கூடாது. களைத்த கை செய்யும் வேலையில் அது குறையவும் செய்யும். உற்பத்தித்திறன் என்ற சொல்லை யாராவது பயன்படுத்தினால் ஆளுக்கா மணிக்கா என்று முதலில் கேளுங்கள்.

மற்ற நாடுகளோடு ஒப்பிட வேண்டுமென்றால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தரவு போதும். சந்தை மாற்று விகிதத்தில் டாலராக மாற்றாமல், வாங்கும் திறனுக்குச் சரிசெய்த எண்களை எடுங்கள். நம் ஊரில் முடிவெட்ட ஆகும் செலவும் டோக்கியோவில் ஆகும் செலவும் வேறு, முடிவெட்டும் வேலை ஒன்றுதான்.

படி 9: தாளை அடுத்த முறைக்குத் தயார் செய்வது

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மூன்று விவரம் எழுதுங்கள்: எந்த ஆய்வு, எந்த ஆண்டு, எந்த மதிப்பீடு. ஒரே ஆண்டுக்கு முன்மதிப்பீடு, தற்காலிக மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு என்று ஜி.வி.ஏ. பலமுறை மாறி வரும். இங்கே நான் எடுத்த 267.62 லட்சம் கோடியும் தற்காலிகமானதுதான்.

மக்கள்தொகை எண்ணையும் 64.33 கோடியையும் சூத்திரங்களுக்குள் தட்டச்சு செய்யாதீர்கள். தனிக் கட்டத்தில் வைத்து அங்கிருந்து இணையுங்கள். 2022-23ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை தொகுதியை மாற்றும். 2027 மார்ச் 1ஐ மையமாக வைத்து அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. பதினாறு ஆண்டுக்குப் பிறகு உண்மையான தலை எண்ணிக்கை வரும்போது பகுதியும் மாறும். அன்றைக்கு அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் மேலே போட்ட கணக்கு முழுவதும் தானாகத் திருந்திவிட வேண்டும்.